ஹோர்ட்டன் சமவெளியை விட்டால் நடக்க இடமில்லையா?

2024 ஜனவரி 7, இரவு 9.40

வாசகர் ஒருவர் கேட்டது: "ஹோர்ட்டன் பிளேன்ஸ் இரண்டு தரம் போயாச்சு. அதை விட்டால் இலங்கை மலைநாட்டில் சும்மா காட்டுக்குள் நடந்து வர ஓர் இடம் கிடையாது. மீதி எல்லாம் தேயிலை, இல்லாவிட்டால் 'உட்பிரவேசிக்கத் தடை' பலகை. நான் சொல்வது தவறா?"

2024 ஜனவரி 8, காலை 6.15

தவறுதான். ஆனால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நான் ஹப்புத்தளைக்காரன். தங்கமலைக் காடு என் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். முதன்முதலில் அதற்குள் நடந்தபோது எனக்கு 27 வயது. அதற்கு முன்னால் நாலு தரம் வேன் பிடித்து, விடியற்காலை 3 மணிக்கு எழும்பி, ஹோர்ட்டன் சமவெளியின் 'உலக முடிவு' என்ற பள்ளத்தைப் பார்க்கப் போய், நாலு தரமும் வெள்ளைத் துணி மாதிரி பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவன்.

ஹப்புத்தளையிலிருந்து மேற்கே 3 கிலோமீற்றர் போனால் அடிஷம் பங்களா. 1931 இல் தோமஸ் வில்லியர்ஸ் என்ற வெள்ளைக்காரர் கட்டியது. 60களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பங்களாவைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுப்பார்கள், ஸ்ட்ரோபெரி ஜாம் வாங்குவார்கள், திரும்பிப் போவார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் காட்டுக்குள் ஓர் ஒற்றையடிப் பாதை போகிறதே, அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தங்கமலைச் சரணாலயம் அதுதான். பாதையைப் பிடித்துப் போனால் மலைமுகடு வழியாக இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷன். ஒன்றரை மணி நேரம். திரும்ப ரயில் ரோடு வழியே நடந்து வந்துவிடலாம், சுமார் 8 கிலோமீற்றர், இரண்டு பக்கமும் பள்ளம், அருமையான வழி.

2024 ஜனவரி 8, பகல் 12.30

பலகையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். எல்லாக் காடும் ஒரே சட்டத்தில் இல்லை. தேசிய பூங்கா என்றால் டிக்கட் வாங்கிப் போகலாம். சரணாலயம் என்றால் உள்ளே போக அனுமதிச் சீட்டே வேண்டாம், மரம் வெட்டக் கூடாது, மிருகத்தைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். இறுக்கமான இயற்கை ஒதுக்கம் என்று ஒரு வகை உண்டு. ஆராய்ச்சிக்காரர் தவிர வேறு யாருக்கும் கதவு திறக்காது. நாட்டிலேயே அது மூன்றுதான்: யால, ரிட்டிகல, ஹக்கல.

2024 ஜனவரி 8, பகல் 1.05

"நான் ஹக்கலைக்குள் குடும்பத்தோடு போயிருக்கிறேனே, ஐஸ்கிறீமும் சாப்பிட்டோமே" என்று எழுதிய தம்பிக்கு: நீங்கள் போனது தாவரவியல் பூங்கா. மலேரியாவுக்கு மருந்தெடுக்கும் சின்கோனா மரம் வளர்த்துப் பார்க்க 1861 இல் தொடங்கியது. ஒதுக்கக் காடு அதற்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிற மலை. அங்கே ஐஸ்கிறீம் விற்கமாட்டார்கள்.

2024 ஜனவரி 9

நுவரெலியாவில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. கல்வேஸ் லேன்ட் என்ற பூங்கா டவுனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2006 இல் தேசிய பூங்கா ஆனது, பரப்பு 30 ஹெக்டேயர்கூட இல்லை. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு டிவிஷன் அதைவிடப் பெரிது. ஆனால் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வந்து இறங்கும் இடம் அது. இமயமலையிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வருகிறது, நாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போவதில்லை.

2024 ஜனவரி 16

பொங்கல் லீவுக்குக் கொழும்பிலிருந்து கூட்டாளி வந்தான். என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், இப்போது வெள்ளவத்தையில் வேலை. இந்த இழையை அவனிடம் காட்டினேன். "எழுதினா மட்டும் போதுமாடா மச்சான், கூட்டிட்டுப் போ" என்றான். 14ஆம் தேதி ஞாயிறு காலையில் கிளம்பினோம்.

புறப்படும்போது அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, வாசலில் உட்கார்ந்திருந்தது. 38 வருடம் கொழுந்து எடுத்த ஆள். "எங்கடா போறீங்க?" "காட்டுக்குள்ள நடக்க." "விறகுக்கா?" "இல்ல, சும்மா." கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "கூடை இல்லாம, கத்தி இல்லாம, சும்மா மலை ஏறுறதுக்கு ஒருத்தன் கொழும்புல இருந்து வந்தானா?" கூட்டாளிக்கு அன்று முழுக்க இதே பேச்சு.

பாதை தொடங்குமிடத்தில் பெயரை வாசித்தான்: "டங்கமலே." இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து அப்படியே படித்தது. நான் சிரித்தேன். "தங்கமலைடா, உங்க வீட்டுத் தமிழ்." அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. சிங்களப் பெயர் என்றே முப்பது வருடம் நினைத்திருக்கிறான். பார்க்கப்போனால் நானும் பள்ளிக்கூட நாளில் அப்படித்தான் நினைத்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

உள்ளே நுழைந்து இருபது நிமிடத்தில் மூட்டம் வந்தது. அப்போதுதான் நான் எத்தனையோ தடவை பார்த்தும் கவனிக்காத ஒன்றை அவன் கவனித்தான். வெட்டவெளியில் நின்றால் மழை இல்லை. மரத்தடிக்குப் போனால் மழை. மறுபடி வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்தான், காய்ந்த கை. திரும்ப மரத்தடிக்குப் போனான், சொட்டு விழுகிறது. மூட்டம் இலையிலும் பாசியிலும் பட்டு நீராகிச் சொட்டுகிறது. கிளை முழுக்கப் பாசி ஈரத் துண்டு போலத் தொங்குகிறது. ஒரு பிடி பிழிந்தால் உள்ளங்கை நிறையத் தண்ணீர். மரங்களும் ஒன்றுகூட நேராக நிற்காது, காற்றுக்குக் கூனி, இலை சிறுத்து. மழை பெய்யாத நாளிலும் காடு தண்ணீர் சேர்ப்பது இப்படித்தான். எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) பீலியில் கோடையிலும் நூல் மாதிரியாவது தண்ணீர் வந்ததற்குக் காரணம் மேலே இருக்கிற காடு என்று அப்பா சொல்வார். சும்மா சொல்கிறார் என்று நினைத்திருக்கிறேன்.

மஞ்சட்காதுச் சின்னான் இரண்டு பார்த்தோம். இலங்கையின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. கூட்டாளி ஃபோனை எடுப்பதற்குள் போய்விட்டது. கரடிக்குரங்கின் சத்தம் மட்டும் கேட்டது, தொண்டையைச் செருமுகிற கிழவன் மாதிரி.

அப்புறம் அவனுடைய சப்பாத்து வாயைப் பிளந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கி ஒரே ஒரு தடவை போட்டுப் பெட்டியில் வைத்திருந்ததாம், புத்தம் புதுசு என்று பெருமையாகக் கொண்டு வந்தான். முதலில் வலது அடிப்பாகம் முன்னாலிருந்து கழன்று, நடக்க நடக்க தவளை மாதிரி வாயைத் திறந்து மூடியது. அரை மணி நேரத்தில் இடதும். லீக்ஸ் மூட்டையோடு எதிரே வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, மூட்டைக் கட்டிலிருந்து சணல் கயிறு ஒரு முழம் அறுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதை இரண்டாக்கிச் சுற்றிக் கட்டினோம்.

நான் முன்னால் எழுதிய ஒன்றரை மணி நேரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் என்று வையுங்கள். ஒன்றரை என்பது நான் தனியாக, 27 வயதில், வாய்விட்ட சப்பாத்துள்ள கூட்டாளி இல்லாமல் நடந்த கணக்கு.

திரும்பி வந்த கதையை அப்புறம் எழுதுகிறேன்.

2024 ஜனவரி 17

அட்டை பற்றி ஏன் எழுதவில்லை என்று ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

கூட்டாளியின் ஒரு காலில் மட்டும் 17. அது என் தப்பு. நுவரெலியாக்காரர்கள் "ஜனவரி நல்ல காலம்" என்று சொல்வதைக் கேட்டுப் போனேன். மேற்குச் சரிவுக்கு அது சரி. எங்கள் ஊவா மாகாணத்துப் பக்கத்துக்கு மழை கொடுப்பது வடகீழ்ப் பருவக்காற்று. ஜனவரியிலும் தரை ஊறித்தான் கிடக்கும். எங்கள் பக்கம் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை, இல்லாவிட்டால் ஜூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட். எங்கள் ஊர்த் தேயிலைக்கு ருசி ஏறுகிற காய்ந்த காற்றுக் காலமும் அந்த ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர்தான். இங்கேயே பிறந்தவன் இதை மறந்தது வெட்கம்.

தற்காப்பு: காலிலும் சொக்ஸிலும் சவுக்காரம் தேய்த்தால் ஏறாது என்று தோட்டத்தில் சொல்வார்கள். உண்மை, காய்ந்த நாளில். ஈரத்தில் நடந்ததும் கூட்டாளியின் சப்பாத்துக் கட்டிலிருந்து வெள்ளை நுரை பொங்கிப் பொங்கி வந்தது. அவன் பின்னால் நடந்த எனக்குச் சிரித்து வயிறு வலி. நுரைக்குள்ளும் ஓர் அட்டை இருந்தது.

கடித்துவிட்டால் உப்பைக் கொட்டாதீர்கள் என்பது என் கட்சி. குடித்ததை அது காயத்துக்குள்ளேயே கக்கும். நகத்தை வாய்ப் பக்கம் தட்டையாக வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உடனே நிற்காது, பயப்பட வேண்டாம்; உறையாமலிருக்க அது எதையோ செலுத்திவிட்டுத்தான் குடிக்கிறது. உப்புப் பொட்டலம் சப்பாத்தில் ஏறுகிறதைத் தொட்டு விழுத்த மட்டும்.

2024 ஜனவரி 17, மாலை

பண்டாரவளை அக்கா சொல்வது சரி. அட்டையால் யாரும் சாகவில்லை, குளவியால்தான் கொழுந்தெடுக்க மலைக்குப் போன பெண்கள் செத்திருக்கிறார்கள். சென்ட் பூச வேண்டாம், சத்தம் போட வேண்டாம், கல்லிடுக்கிலும் உயரமான மரக்கிளையிலும் கூடு தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள். இதில் பகிடி இல்லை.

2024 ஜனவரி 21

திரும்பி வந்த கதை. ஒரு வாரம் தள்ளிப்போட்டதற்குக் காரணம், 8ஆம் தேதி நான் எழுதியதை நானே திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

இதல்கஸ்ஹின்ன ஸ்டேஷனில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். ஒரு பக்கத்திலிருந்து மூட்டம் ஏறி, தண்டவாளத்தைத் தாண்டி, மறுபக்கம் இறங்குகிற இடம் அது. கூட்டாளி அரை மணி நேரம் வாய் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரயில் ரோட்டில் நடக்கத் தொடங்கினோம்.

ஒரு வெட்டுக்குள் நடந்துகொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் மண் சுவர், ஒதுங்க ஓர் ஆள் அகலம்கூட இல்லை. மூட்டத்தில் பத்துச் சிலிப்பர் கட்டைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவன் குனிந்து சணல் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். எனக்குத் தண்டவாளத்தில் டிக் டிக் என்று ஏதோ கேட்டது. திரும்பினால் மஞ்சளாக ஒரு வெளிச்சம். இஞ்சின் சத்தமே இல்லை. இதல்கஸ்ஹின்னயிலிருந்து ஹப்புத்தளைக்கு இறக்கம்; ஏறும் ரயில்தான் முழங்கும், இறங்கும் ரயில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா வழுக்கி வரும். இது தெரிந்தவன் நான், நினைக்கவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்தேன். மண் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றோம். பெட்டிகளின் கால்படி முழங்கைக்குப் பக்கத்தில் போனது. சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டே ஜன்னலால் எட்டி எங்களைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. எங்களுக்குத் தகும்.

ரயில் ரோட்டில் நடப்பது சட்டப்படியும் குற்றம்தான். 8ஆம் தேதிக் குறிப்பில் "அருமையான வழி" என்று எழுதினேன். அதை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் யாரும் அதை நம்பிப் போகாதீர்கள். வந்த காட்டுப் பாதையாலேயே திரும்புங்கள். அல்லது ரயிலில் ஏறி வாருங்கள். எது நிற்கும், எது நிற்காது என்று முதல்நாளே ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நாங்கள் சின்ன வயதிலிருந்து ரயில் ரோட்டில்தான் பள்ளிக்கூடம் போனோம்" என்று யாராவது எழுதுவீர்கள். நானும்தான் போனேன்.

2024 ஜனவரி 22

எழுதிவிட்டீர்கள். மூன்று பேர்.

2024 பெப்ரவரி 4

வேறு விஷயம். "எல்லாக் காட்டையும் வெள்ளைக்காரன் வெட்டித் தேயிலை போட்டான், தங்கமலை மட்டும் எப்படித் தப்பியது?" என்ற கேள்விக்கு.

தேயிலைக்கு முந்தி, கோப்பிக்காகக் கண்மண் தெரியாமல் வெட்டினார்கள். 1873 இல், ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேல் காட்டை அழிக்கக் கூடாது என்று அரசாங்கம் நிறுத்தியது. ஹப்புத்தளை ஸ்டேஷன் ஏறத்தாழ 4,700 அடி, இதல்கஸ்ஹின்ன 5,300. அதாவது எங்கள் பாதை அந்தக் கோட்டை ஒட்டியே போகிறது. கீழே பார்த்தால் தேயிலை, மேலே பார்த்தால் காடு. யாரோ மேசையில் போட்ட கோடு நிலத்தில் அப்படியே தெரிகிறது.

நுவரெலியாவில் 6,000 அடியில் தேயிலை இருக்கிறதே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இருக்கிறது. கோடு எல்லா இடத்திலும் நிற்கவில்லை.

2024 பெப்ரவரி 6

ஹோர்ட்டன் சமவெளியை நான் மட்டம் தட்டுகிறேன் என்று கோபித்தவருக்கு. இல்லை. 3,160 ஹெக்டேயர். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் போகிறது. 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வாசலில் பையைத் திறந்து பிஸ்கட்டின் பொலித்தீன் உறையைக் கழற்றிக் கடதாசியில் போட்டுத் தருகிறார்களே, அந்தப் பழக்கம் ஒவ்வொரு காட்டு வாசலிலும் வர வேண்டும். தங்கமலைப் பாதையில் கூட்டாளியும் நானும் பொறுக்கியது ஒரு சொப்பிங் பேக் நிறைய, பாதி டொஃபி உறை.

எனக்குக் குறை ஒன்றுதான். அங்கே 9.5 கிலோமீற்றர் வட்டத்தை எல்லோரும் ஒரே திசையில், ஒரே அவசரத்தில், மூட்டம் மூடுவதற்குள் பள்ளத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுகிறோம். மரை புல் மேய்வதை நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. தங்கமலை 130 ஹெக்டேயர் அளவுதான். பார்க்க வேண்டிய 'பொயின்ட்' ஒன்றும் கிடையாது. அதனால் நின்று பார்க்க முடிகிறது.

2024 பெப்ரவரி 6, இரவு

மேலே எழுதியதில் கொஞ்சம் பெரிய மனுசத்தனம் தெரிகிறது. உலக முடிவில் மூட்டம் விலகியிருந்தால் இப்படி எழுதியிருப்பேனா தெரியாது. நாலு தரம் ஏமாந்த எரிச்சலும் இதில் இருக்கிறது.

2024 பெப்ரவரி 25

பௌர்ணமிப் போயா லீவோடு சேர்த்துக் கூட்டாளி மறுபடி வந்தான். சப்பாத்தை ஹப்புத்தளையில் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, சுற்றிவரத் தையல் போட்டு வாங்கியிருந்தோம். "கோந்து காஞ்சு போச்சு தம்பி, போடாம வச்சாலும் சப்பாத்து செத்துப்போகும்" என்றார் அவர்.

இந்த முறை அப்பாயியும் வந்தது. வருகிறேன் என்று தானாகச் சொன்னது, எங்களுக்கே ஆச்சரியம். ஆட்டோவில் அடிஷம் வாசல்வரை. பாதையில் கால் வைத்ததும் எங்களுக்கு முன்னால் நடந்தது. தரை காய்ந்திருந்தது, அட்டை ஒன்றுகூட இல்லை. கால் மைல் போயிருப்போம், நின்றது. இடப் பக்கம் புதருக்குள் கையைக் காட்டியது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. "இங்கனதான் விறகுக்கு இறங்குவோம். ஞாயித்துக்கிழமை விடியக்காலை, ஏழெட்டுப் பொம்பளைங்க." ஒரு தடவை காவல்காரர் பிடித்துக் கத்தியைப் பறித்துக்கொண்டு விட்டுவிட்டாராம். கத்தி தாத்தா வாங்கிக் கொடுத்தது. போனது கத்தி மட்டும்தான் என்றாலும், அதைச் சொல்லும்போது அதன் முகம் மாறியது.

இரண்டு தரம் இந்த இழையில் காடு காடு என்று உருகியவன் நான். அதே காட்டுக்குள் அப்பாயி பயந்து பயந்து நுழைந்து வெளியே வந்திருக்கிறது. இரண்டும் ஒரே பாதை. கூட்டாளி ஏதோ கேட்க வாயெடுத்தான், நான் கண்ணைக் காட்டினேன்.

ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தது. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கன இருக்கேன்" என்றது. தனியாக விட மனமில்லை, நாங்களும் உட்கார்ந்தோம். இதல்கஸ்ஹின்ன போகவில்லை. சாயத்தண்ணி போத்தலைத் திறந்து மூன்று பேரும் குடித்தோம். பொழுது சாயத் தொடங்கியதும் எதிர் முகட்டு மானாப் புல்லில் வெயில் விழுந்து ஒரேயடியாக மஞ்சளானது. பெயர் வந்த காரணத்தை இந்த இழையில் ஆளுக்கொன்று எழுதினீர்கள், தங்கம் தோண்டினார்கள் என்றுகூட ஒருவர். அப்பாயியிடம் கேட்டேன். தாடையால் எதிர் முகட்டைக் காட்டிவிட்டு வெற்றிலையைத் துப்பியது.

2024 ஓகஸ்ட் 18

ஆறு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. இப்போது போக நினைக்கிறவர்களுக்கு: பாதை காய்ந்திருக்கிறது, காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. இந்த மாதங்களில் எங்கள் பக்கத்து மானாப் புல் மலைகள் சட்டென்று பற்றும். அடுப்பு மூட்ட வேண்டாம், பீடித் துண்டு போட வேண்டாம். போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோங்கள்.

முதல் கேள்வி கேட்ட வாசகர் போன ஞாயிறு குடும்பத்தோடு போய் வந்ததாக எழுதியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் என்று நம்பிப் போய் நாலு மணி நேரம் ஆனதாம். ஜனவரி 16ஆம் தேதித் திருத்தத்தை அவர் வாசிக்கவில்லை போல.

2024 ஓகஸ்ட் 19

அப்பாயி காலையில் கேட்டது: "அந்தக் காட்டுக்கு இப்ப காசு கட்டணுமா?" வேண்டாம் என்றேன். "காவல்காரன்?" நடக்கிறவர்களை ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். யோசித்துவிட்டு, கூட்டாளி எப்போது லீவில் வருகிறான் என்று கேட்டது.